மகளுக்கு 'ரோமியோ ஜூலியட்' பாடம்: வீட்டில் எப்படிப் பேசுவது?

செம்பருத்தி (லண்டன்) | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் ஆண்டில் படிக்கிறாள். ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பொதுப் பரீட்சையின் ஆங்கில இலக்கியப் பாடத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று கட்டாயம். அவளுடைய பள்ளியில் 'ரோமியோ ஜூலியட்' படிப்பிக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படித்தவள், ஆங்கில இலக்கியம் எனக்குப் பழக்கம் இல்லை. போன கிழமை அவளுடைய புத்தகத்தைப் புரட்டினேன். ஜூலியட்டுக்கு இன்னும் பதினான்கு வயதே நிறையவில்லை என்று முதல் அங்கத்தில் வருகிறது. என் மகளை விடச் சின்னப் பிள்ளை. அந்தப் பக்கத்தை விட்டு நகர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கதை என்ன என்று மகளிடம் கேட்டேன். "லவ், ஃபேட், கான்ஃப்ளிக்ட்" என்று மூன்று சொல் சொன்னாள். சின்ன அட்டைகளில் மேற்கோள்களை எழுதிப் பாடமாக்குகிறாள். பரீட்சை மண்டபத்துக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாதாம்.

கடைசியில் இரண்டு பிள்ளைகளும் உயிரை விடுகிறார்கள். இதைப் பற்றி அவளோடு கதைக்காமல் விட எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியவில்லை. பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார் கணவர். படித்தவர்கள், படிப்பித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வகுப்பறை ஜன்னல் | ஞாயிறு, இரவு 10.55

அக்கா, நான் இங்கிலாந்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சொந்த ஊர் மதுரைப் பக்கம். இந்த நாடகத்தை ஒன்பது வருடமாக நடத்துகிறேன். நீங்கள் கேட்டதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

வயதிலிருந்தே தொடங்குங்கள். "அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அந்த வயதில்தான் கல்யாணம்" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அது தவறு. பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்று சட்டம் இடம் கொடுத்தது உண்மைதான். ஆனால் எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் இருபத்தைந்தை ஒட்டித்தான் மணந்தார்கள். ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட ஒரு நீண்ட கவிதையிலிருந்து எடுத்தார். அதில் ஜூலியட்டுக்குப் பதினாறு. இவர்தான் பதின்மூன்றாகக் குறைத்தார். அன்றைக்கு நாடகம் பார்க்க வந்தவர்களுக்கும் அது உறுத்தியிருக்கும்.

குறைத்தது வயதை மட்டுமல்ல. புரூக்கிடம் ஒன்பது மாதம் நடக்கும் கதை இங்கே ஐந்து நாளில் முடிகிறது. ஞாயிறு காலை இருவரின் பகைக் குடும்பங்களுக்கும் இடையே தெருச்சண்டை, இரவு விருந்தில் ரோமியோவும் ஜூலியட்டும் சந்திப்பு. திங்கள் மதியம் ரகசியத் திருமணம், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு கொலை, ரோமியோவுக்கு நாடு கடத்தல். செவ்வாய் விடியலில் பிரிவு, அன்று இரவே ஜூலியட் இறந்தது போல உறங்க வைக்கும் மருந்தைக் குடிக்கிறாள். புதன் நள்ளிரவு தாண்டி, வியாழன் விடிவதற்குள் கல்லறையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மகளிடம் ஒரு தாளில் கிழமை வாரியாக எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் நான் முதலில் செய்ய வைப்பது இதைத்தான். எழுதி முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். திங்கட்கிழமை கட்டத்தில் இடமே போதாது.

இன்னொன்று. ஐந்தாம் அங்கத்துக்குப் போவதற்கு முன்னால் அதில் என்ன வருகிறது என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். யாருக்காவது கஷ்டமாக இருந்தால் யாரிடம் போகலாம் என்றும் சொல்வேன். பள்ளியிலும் அப்படிச் செய்கிறார்களா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

பாலாறு | திங்கள், காலை 7.15

நான் வேலூர்க்காரன், பர்மிங்காமில் இருக்கிறேன். என் பையனுக்கும் இதே பாடம்தான். நமக்கு இதை விளக்க, கதை நடக்கும் வெரோனா வரைக்கும் போக வேண்டியதில்லை சகோதரி. நம் ஊரில் ஆணவக்கொலைச் செய்தி படிக்காத வருடம் உண்டா? சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைப் பெற்றவர்களே கொல்கிறார்கள். ரோமியோ ஜூலியட்டும் அதுதான். என் பையனுக்கு அப்படித்தான் சொன்னேன், உடனே புரிந்துகொண்டான்.

வகுப்பறை ஜன்னல் | திங்கள், மாலை 5.30

பாலாறு அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பையன் இதைத் தேர்வில் எழுதினால் நாடகத்தின் முதல் வரியிலேயே இடிக்கும். 'கண்ணியத்தில் இணையான இரண்டு குடும்பங்கள்' என்றுதான் நாடகம் தொடங்குகிறது. இரண்டும் ஒரே ஊர், ஒரே மதம், ஒரே அந்தஸ்து. மேல் கீழ் இல்லை. விருந்தில் ரோமியோவை அடையாளம் கண்டு ஜூலியட்டின் உறவினன் டிபால்ட் வாளைக் கேட்கும்போது, "வெரோனாவே இவனை நல்ல பையன் என்கிறது, விட்டுவிடு" என்று தடுப்பவர் ஜூலியட்டின் அப்பா.

அதைவிட முக்கியம், பகை எதனால் வந்தது என்று நாடகம் கடைசி வரை சொல்வதில்லை. 'பழைய வன்மம்' என்பதோடு சரி. சாதிக்கொலையில் யார் யாரை மிதிக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும், அதற்குக் காரணமானவர்களைச் சுட்டிக்காட்டலாம். இங்கே யாருக்கும் காரணம் தெரியாத ஒரு பகையை வேலைக்காரர்கள் வரை சுமக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் சாதியின் கொடுமையும் லேசாகிவிடும், இந்த நாடகத்தின் அர்த்தமின்மையும் காணாமல் போகும்.

பாலாறு | திங்கள், மாலை 6.05

யோசிக்க வைத்துவிட்டீர்கள் டீச்சர். முதல் வரியை நான் கவனித்ததே இல்லை. பையனிடம் இன்று மறுபடி பேசுகிறேன்.

கூத்துக்கொட்டகை (சென்னை) | திங்கள், இரவு 11.20

நாடகக்காரன் என்ற முறையில் சில வார்த்தை. இதைக் கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கும். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள், உச்சரிப்புப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆரம்பத்திலேயே ஒருவர் மேடைக்கு வந்து இருவரும் சாகப்போகிறார்கள் என்று சொல்லிவிடுகிறார். முடிவைச் சொன்ன பிறகு எதற்குப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. அபிமன்யு சாவான் என்று தெரிந்துதான் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. எப்படிச் சாகிறான், யார் தடுத்திருக்கலாம் என்பதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம் செவிலி. ஆங்கிலத்தில் நர்ஸ் என்று போட்டிருக்கும், அதை மருத்துவமனை நர்ஸ் என்று நினைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவள் பால் கொடுத்து வளர்த்தவள். அவளுக்கும் சூசன் என்று ஒரு மகள் இருந்தாள், ஜூலியட் வயதுதான். அது இறந்துவிட்டது. ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவாள். ஜூலியட்டுக்குப் பால் மறக்கடித்த நாளைச் சொல்லும்போது, மார்பில் ஒரு கசப்புப் பூண்டைத் தடவியதாகச் சொல்கிறாள். நம் வீடுகளில் வேப்பிலையை அரைத்துத் தடவுவார்களே, அதேதான். குழந்தை வாயில் பட்டதும் முகம் சுளித்துச் சண்டை போட்டது என்று சிரிக்கிறாள். நானூறு வருடத்துக்கு முந்தைய லண்டன் மேடையில் இந்தப் பேச்சைக் கேட்கும்போது, என் பாட்டி பேசுகிற மாதிரியே இருக்கும். இந்த இடத்தை வகுப்பில் வேகமாக ஓட்டிவிடுவார்கள். ஓட்டக்கூடாது. மூன்றாம் அங்கத்தில் அவள் செய்வது வலிக்க வேண்டும் என்றால், இங்கே அவளை நமக்குப் பிடித்திருக்க வேண்டும்.

மழைநாள் வாசகி (பல்கலைக்கழக மாணவி) | செவ்வாய், மதியம் 1.10

நான் நாலு வருடத்துக்கு முன் இதே தேர்வை எழுதினேன் அக்கா. இரண்டு விஷயம் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் சந்தோஷமானது. எங்கள் வகுப்பில் எனக்கு மட்டும் எளிதாகப் புரிந்த ஒன்று உண்டு. அந்தக் கால ஆங்கிலத்தில் 'தௌ', 'யூ' என்று இரண்டு முன்னிலை இருந்தன. கிட்டத்தட்ட நம் நீயும் நீங்களும். விருந்தில் இருவரும் முதல் முதலாகப் பேசும் பதினான்கு வரியும் சேர்ந்து ஒரு சானட், அதாவது பதினான்கு வரிப் பாட்டு. ரோமியோ நாலு வரி சொல்ல, ஜூலியட் அதே சந்தத்தில் நாலு வரி பதில் சொல்கிறாள். மீதியை இருவரும் மாற்றி மாற்றி முடிக்கிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டைக் கட்டிவிடுகிறார்கள். அதில் ஜூலியட் அவனை 'நீங்கள்' என்கிறாள். அதே இரவு, ஜன்னலில் தனியாக நின்று, அவன் கேட்பது தெரியாமல் பேசும்போது 'நீ' வந்துவிடுகிறது. "ஏன் நீ ரோமியோவாக இருக்கிறாய்?" எங்கே இருக்கிறாய் என்று அவள் தேடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிறாள். 'நீங்கள்' எப்போது 'நீ' ஆகிறது என்பது நம் வீடுகளில் எவ்வளவு பெரிய விஷயம்! மகளுக்கு இதைச் சொல்லுங்கள், தமிழ் தெரிந்த பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

இரண்டாவது சொல்லக் கஷ்டமானது. எங்கள் ஆண்டில் ஒரு மாணவன் கோடை விடுமுறையில் இறந்துபோனான். எப்படி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். செப்டம்பரில் பள்ளி திறந்து மூன்றாவது வாரம் கல்லறைக் காட்சி வந்தது. ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோமியோவின் கடைசிப் பேச்சைப் படிக்க வைத்துவிட்டு, இதில் உள்ள உருவகத்தை அடிக்கோடிடுங்கள் என்றார். அவனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து வெளியே போனான். அன்றைக்கு யாராவது அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்களோடு பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் பேசுங்கள். சரியாகப் பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

செம்பருத்தி (லண்டன்) | செவ்வாய், இரவு 10.15

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு மகளின் அறைக்குப் போய்ச் சும்மா அவள் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பிள்ளையின் குடும்பத்தை நினைக்க நெஞ்சு பதறுகிறது.

கிழமை வாரியாக எழுதும் வேலையை நேற்றுச் செய்தோம். திங்கட்கிழமைக்கு உண்மையிலேயே இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினாள். எழுதும்போது ஒன்று கேட்டாள்: "அம்மா, இவர்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" எனக்குப் பதில் தெரியவில்லை. டீச்சர், இதற்கு நாடகத்தில் பதில் இருக்கிறதா?

வகுப்பறை ஜன்னல் | புதன், மாலை 6.40

மகள் கேட்டது இந்த நாடகத்திலேயே பெரிய கேள்வி அக்கா. மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியை எடுங்கள். ஜன்னல் காட்சியைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு இந்தக் காட்சிதான் நாடகம்.

முதல் அங்கத்தில் அப்பா எப்படி இருந்தார் என்று முதலில் பாருங்கள். பாரிஸ் என்ற பிரபு ஜூலியட்டைப் பெண் கேட்டு வந்தபோது, "இன்னும் இரண்டு கோடை போகட்டும். அவள் சம்மதம்தான் முக்கியம்" என்றவர் அவர். மற்ற நம்பிக்கைகளை எல்லாம் மண் விழுங்கிவிட்டது, இவள் ஒருத்திதான் மீதி என்றும் சொல்கிறார். அந்த மனிதர்தான் செவ்வாய்க்கிழமை காலையில், மகள் மாட்டேன் என்றதும், "என் பேச்சைக் கேட்டால் என் நண்பனுக்குக் கொடுப்பேன். இல்லையென்றால் தூக்கில் தொங்கு, பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் செத்துப்போ" என்கிறார்.

அவர் போனதும் ஜூலியட் அம்மாவிடம் திரும்புகிறாள். ஒரு மாதம், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சுகிறாள். "என்னிடம் பேசாதே, உனக்கும் எனக்கும் முடிந்தது" என்று அம்மாவும் போய்விடுகிறாள்.

மிச்சம் செவிலி. நூலேணி கொண்டுவந்து கொடுத்தவள், திருமணத்துக்குத் தூது போனவள். அப்பா கத்தும்போது "பிள்ளையை இப்படித் திட்டுவது தப்பு" என்று எதிர்த்துப் பேசியவளும் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவளிடம் ஜூலியட் ஆறுதல் கேட்கிறாள். பாரிஸையே கட்டிக்கொள், அவன் முன்னால் ரோமியோ வெறும் கரித்துணி என்கிறாள் அவள். இருபது முப்பது வரிக்குள் மூன்று பேரும் கைவிட்டுவிடுகிறார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பதைவிட, சொல்வதற்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய்விட்டார்கள் என்பதுதான் சரி.

குறிஞ்சிமலர் (ஓய்வு பெற்ற தமிழாசிரியர்) | புதன், இரவு 8.30

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டீச்சர் எழுதியதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது.

நம் அகப்பாட்டில் இதற்கு ஒரு துறையே உண்டு, அறத்தொடு நிற்றல். பெண்ணின் காதல் தெரியாமல் வீட்டில் வேறு வரன் பார்க்கிறார்கள் என்றால், தலைவி தோழியிடம் சொல்ல வேண்டும். தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும். வரிசையாக ஒவ்வொருவரும் உண்மையைச் சொல்லி அந்தப் பெண் பக்கம் நிற்க வேண்டும். உண்மையை மறைப்பதல்ல, எடுத்துச் சொல்வதுதான் அங்கே அறம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலியிடம் பேசுவதுதான்.

இந்த நாடகத்தில் அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. தலைவிக்குத் தோழி இல்லை. செவிலிக்கு எல்லாம் தெரியும், நற்றாயிடம் சொல்லவில்லை. அந்த ரகசியத் திருமணத்தை நடத்திவைத்த பாதிரியார் லாரன்ஸுக்கும் எல்லாம் தெரியும். ரோமியோவை ஊரை விட்டு அனுப்பும்போதே, தக்க சமயம் பார்த்து இந்தத் திருமணத்தை ஊரறியச் சொல்லிக் குடும்பங்களைச் சேர்த்து வைப்போம் என்கிறார். நல்ல எண்ணம்தான். மறுநாளே பாரிஸ் வந்து வியாழக்கிழமை கல்யாணம் என்று நிற்கும்போது, நாள் மிகக் குறைவாக இருக்கிறதே என்கிறார். அவ்வளவுதான். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.

சொல்கிறார், கடைசியில். இருவரும் பிணமாகக் கிடக்கும்போது இளவரசர் முன்னால் நின்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறார். நாற்பது வரிப் பேச்சு. நமக்குத் தெரிந்த கதைதானே என்று மேடையில் அதை வெட்டிவிடுவதுண்டு. எனக்கு அது அறத்தொடு நிற்றல்தான், பிணங்களுக்கு முன்னால் நடக்கிறது.

வகுப்பறை ஜன்னல் | புதன், இரவு 9.05

ஐயா, நேரம் இல்லை என்று அந்த நாற்பது வரியை நானும் பல வருடம் தாண்டியிருக்கிறேன். இனிமேல் தாண்ட மாட்டேன்.

பாலாறு | வியாழன், காலை 7.30

பையனோடு பேசினேன். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது அவன் தொடக்கப் பள்ளியில் இருந்தான். மருந்து விஷயத்தை ரோமியோவுக்குச் சொல்லப் பாதிரியார் லாரன்ஸ் அனுப்பிய கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை என்று அவனே எடுத்துக் காட்டினான். கடிதத்தோடு கிளம்பிய பாதிரியார் ஜான், நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்த ஒருவரைத் துணைக்கு அழைக்கப் போகிறார். அந்த வீட்டில் பிளேக் இருக்கலாம் என்று ஊர் ஆட்கள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். "குவாரன்டைன் அப்பா" என்றான். பிளேக்குக்காக லண்டன் நாடக அரங்குகளை 1592 முதல் 1594 வரை பெரும்பாலும் மூடித்தான் வைத்திருந்தார்கள் என்று வகுப்பில் சொன்னார்களாம். அதற்கு அடுத்த ஓரிரு வருடத்தில் எழுதிய நாடகம். பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் அப்படி அடைத்த கதவைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மழைநாள் வாசகி | வியாழன், மாலை 4.00

குறிஞ்சிமலர் ஐயா எழுதியதை நேற்றிலிருந்து நாலு தடவை படித்துவிட்டேன். பதினாறு வயதில் எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால்! நன்றி ஐயா.

செம்பருத்தி (லண்டன்) | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். இன்று பின்னேரம் நானும் மகளும் அந்த மூன்றாம் அங்கக் காட்சியை வாய்விட்டு வாசித்தோம். அவள் ஜூலியட். அம்மாவும் செவிலியும் நான். அப்பாவின் வரிகளை இவரை வாசிக்கச் சொன்னோம். முதலில் மறுத்தார், பிறகு வந்து இருந்தார். 'தெருவில் செத்துப்போ' என்ற இடத்தில் அவருடைய குரல் இறங்கிவிட்டது. "இதை எப்படி ஒரு அப்பன் சொல்வான்" என்று புத்தகத்தைக் கீழே வைத்தார். மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் செவிலியின் பேச்சு. பாரிஸைக் கட்டிக்கொள் என்று நான் வாசித்து முடித்தேன். மனதாரத்தான் சொல்கிறாயா என்று ஜூலியட் கேட்கிறாள். மனதாரத்தான் என்கிறாள் செவிலி. அதற்கு ஜூலியட் "ஆமென்" என்று ஒரு சொல் சொல்கிறாள். மகள் அந்தச் சொல்லில் நிறுத்திவிட்டாள். திரும்ப ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, இனி அவள் இவளிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்றாள்.

அடுத்த வரியில் ஜூலியட், நீ எனக்கு மிகவும் ஆறுதல் தந்தாய் என்கிறாள். அது பொய் என்று மகளுக்கு உடனே தெரிந்தது. செவிலிக்குத் தெரியவில்லை. நான் மகளிடம், நீ எப்போதாவது என்னிடம் இப்படி ஆமென் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இரண்டு தரம்" என்றாள். இரவுச் சாப்பாடு வரைக்கும் அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். நாடகத்தைப் பற்றி அல்ல.

வருகிற சனிக்கிழமை நாலாம் அங்கம் வாசிக்கலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஏதாவது இருக்கிறதா டீச்சர்?

வகுப்பறை ஜன்னல் | ஞாயிறு, இரவு 10.30

இருக்கிறது அக்கா. மூன்றாம் காட்சி. கையில் மருந்தோடு ஜூலியட் அறையில் தனியாக இருக்கிறாள். அம்மாவையும் செவிலியையும் அவளே வெளியே அனுப்பிவிட்டாள். பயம் வந்ததும் அவர்களைத் திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்து, "செவிலி!" என்று ஒரே ஒரு தரம் கூப்பிடுகிறாள். உடனே, அவள் இங்கே வந்து என்ன செய்யப்போகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

மகள் அந்த இடத்தில் நிறுத்தினால் அவசரப்படுத்தாதீர்கள்.